ஆறு பேடு, ஒரு சாவி

காரைக்குடில மோட்டார் காயில் கட்டுறவனுக்கும் ராக்கெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், நான் ராக்கெட் செய்யல. போர் மோட்டார் வைண்டிங், ஸ்டார்ட்டர் பேனல், ரைஸ் மில்லு வயரிங், இதான் நம்ம பொழப்பு. பக்கத்துல இன்ஜினியரிங் படிக்கிற பயலுக கொஞ்ச பேரு சேந்து மாடல் ராக்கெட் கிளப்பு நடத்துறாய்ங்க, அவய்ங்க ஒரு நாள் கடைக்கு வந்து "அண்ணே, ஆறு ராக்கெட்ட வரிசையா நிப்பாட்டி, வேணும்னா ஒன்னொன்னா, வேணும்னா சேத்து கெளப்புற மாதிரி ஒரு கன்ட்ரோலர் வேணும்ணே"ன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாய்ங்க. நானும் இது என்ன பெரிய விஷயம், ஆறு சுவிட்சு ஒரு பேட்டரின்னுதான் பேப்பர வாங்கிப் பாத்தேன், பாக்கப் பாக்க வேலை வேற மாதிரி போயிருச்சு.

ராக்கெட்டுக்குள்ள வைக்கிற மோட்டார் பத்தி இங்க எதுவும் எழுதப் போறதில்ல. அது வெடிமருந்து சமாச்சாரம், 1884லயே போட்ட வெடிபொருள் சட்டம் இன்னைக்கும் உசுரோட இருக்கு, லைசென்ஸ், அனுமதி, யாரு வாங்குறது எங்க பூட்டி வைக்கிறதுங்கிறதெல்லாம் காலேஜ் பாத்துக்குது. வீட்ல கரியும் உப்பும் அரைச்சு மோட்டார் செய்யலாமான்னு யாராச்சும் யோசிச்சா தயவுசெஞ்சு வேற பதிவு படிக்கப் போயிடுங்க. இந்தப் பொழுதுபோக்கே அந்தக் கூத்த நிறுத்தத்தான் வந்துச்சு. அமெரிக்காவுல நெப்ராஸ்காவுல ஆர்வில் கார்லைல்னு ஒரு செருப்புக்கடைக்காரரு, அவருக்கு வாணவேடிக்கைன்னா உசுரு, கூடப் பொறந்தவருக்கு மாடல் ஏரோப்ளேன், ரெண்டு பேரும் சேந்து 1954ல ஒரு சின்ன ராக்கெட் செஞ்சாங்க. அப்ப ராக்கெட் கிறுக்கு புடிச்ச பயலுக குழாய்க்குள்ள மருந்தடைச்சு கையக் கால இழந்துக்கிட்டு இருந்த காலம், அதப் பத்தி ஹாரி ஸ்டைன்னு ஒருத்தர் 1957ல எழுத, அதப் படிச்சுட்டு கார்லைல் அவருக்குத் தன் ராக்கெட்ட அனுப்பி வச்சாரு. மோட்டார் ஃபேக்டரில செஞ்சது, ராக்கெட் உடம்பு காகிதமும் கட்டையும், பத்த வைக்கிறது கரண்டு. இந்த மூணு விஷயமும் அந்தக் காலத்துலேருந்து வந்ததுதான். செருப்புக்கடைக்காரரு ஆரம்பிச்சத காயில் கட்டுறவன் தொட்டா தப்பில்லன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஏன் கரண்டுன்னா, திரியப் பத்த வச்சுட்டு ஓடுனா அது எப்ப புடிக்கும்னு யாருக்கும் தெரியாது. நம்ம ஊர் திருவிழாவுல அதிர்வேட்டு போடுறவங்களுக்குக் கை பழகியிருக்கும், இருபது வயசுப் பயலுக்கு அது பழகக் கூடாது. கரண்டுன்னா தூரத்துல நின்னுக்கிட்டு, பத்த வைக்கிற நேரத்த நாமளே முடிவு பண்ணலாம், கடைசி நொடில ஒரு ஆட்டுக்குட்டி உள்ள வந்துட்டா விரல எடுத்துடலாம்.

அமெரிக்க மாடல் ராக்கெட் சங்கத்தோட பாதுகாப்பு விதிய பயலுக பிரின்ட் எடுத்துட்டு வந்திருந்தாய்ங்க. லாஞ்ச் சுவிட்சுக்கு சீரிஸ்ல, அதாவது அதே கரண்டுப் பாதைல, ஒரு பூட்டு இருக்கணும். கைய எடுத்தா லாஞ்ச் சுவிட்சு தானா ஆஃப் ஆகணும். சின்ன மோட்டார்னா 15 அடி, 'டி'ங்கிற மோட்டார் சைசுக்கு மேல போனா 30 அடி தள்ளி நிக்கணும். அமுக்கியும் கெளம்பலன்னா பூட்ட எடுத்துட்டு, இல்ல பேட்டரியக் கழட்டிட்டு, 60 செகண்டு யாரும் கிட்டப் போகக் கூடாது. படிச்சு முடிச்சதும் எனக்கு ஒன்னு வெளங்குச்சு, இந்தப் பொட்டி ராக்கெட்ட கெளப்புறதுக்கு இல்ல. கெளப்புறதுக்கு ஒரு பேட்டரியும் ரெண்டு முழம் வயரும் போதும். ஒருத்தன் பேடுகிட்ட, அதாவது ராக்கெட் நிக்கிற மேடைகிட்ட, குனிஞ்சு கரண்டு கிளிப்பு மாட்டிக்கிட்டு இருக்கப்ப என்ன கெட்டுப்போனாலும், எந்த வயர் நசுங்குனாலும், எவன் எதை அமுக்குனாலும் கெளம்பாம இருக்கணும், அதுக்குத்தான் பொட்டி. அதுக்கப்புறம் எடுத்த முடிவெல்லாம் இதுலேருந்துதான் வந்துச்சு.

பயலுக வரைஞ்சு வந்தது என்னன்னா பேட்டரி நாங்க நின்னு அமுக்குற டேபிள்ல, அங்கேருந்து ஆறு பேடுக்கும் 20 மீட்டர் வயர். இதுல முதல் தகராறு வோல்டேஜ் டிராப். இக்னைட்டர்ங்கிறது ஒரு சின்ன கம்பி, நுனில கொஞ்சூண்டு மருந்து தடவியிருக்கும், மீட்டர்ல வச்சா ஒரு ஓம் கிட்டக் காட்டும், நம்பிப் பத்திக்கணும்னா ரெண்டு ஆம்பியராச்சும் வேணும். அரை ஸ்கொயர் எம்எம் வயர்ல போக 20 வர 20, 40 மீட்டர், அதுவே 1.4 ஓம் ஆயிரும், அதாவது இக்னைட்டர விட வயருதான் அதிகமா சாப்பிடுது. ஒரு ராக்கெட்டுன்னா பரவால்ல, 12 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர் வந்துரும். திரும்பி வர்றதுக்கு ஒரே காமன் வயர் போட்டு ஆறையும் ஒன்னா அமுக்குனா மொத்தமே 12 ஆம்பியர், ஆறா பிரிச்சா ஆளுக்கு ரெண்டுதான், மயிரிழைல நிக்கும். ரெண்டு கெளம்பும், ரெண்டு யோசிக்கும், ரெண்டு அப்படியே நிக்கும். அப்படி நிக்கிறதுதான் இருக்கிறதுலயே ஆபத்து, ஏன்னா அதுகிட்ட யாராச்சும் போயாகணும்.

அதனால பேட்டரிய டேபிள்ல இருந்து தூக்கி பேடு பக்கமே கொண்டு போயிட்டேன். பேடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னாடி தள்ளி ஒரு இரும்புப் பொட்டி, அதுக்குள்ள 12 வோல்ட் 7 ஏஹெச் யூபிஎஸ் பேட்டரி, பேடுக்கு ஒரு ரிலே (சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட போட்டு நிறுத்துற சுவிட்சு). அங்கேருந்து கிளிப்புக்கு ரெண்டு மூணு மீட்டர் ஒன்றரை ஸ்கொயர் வயர், அதுல டிராப் ஒன்னுமே இல்ல, ஒவ்வொரு இக்னைட்டருக்கும் பத்து ஆம்பியர் வரைக்கும் கெடைக்கும். டேபிளுக்கும் பொட்டிக்கும் நடுவுல ரிலே காயிலுக்கான கரண்டு மட்டும்தான் ஓடணும். கார் ஹாரன் ரிலே காயில் 85, 90 ஓம் இருக்கும், 140 மில்லி ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு கரண்டுக்கு லேன் கேபிளே போதும், எட்டு கோர் இருக்கு, ஆறு பேடுக்கு ஆறு, சப்ளைக்கு ஒன்னு, ஒன்னு மிச்சம். ஆறு ரிலேயும் ஒன்னா இழுத்தாக்கூட 20 மீட்டர்ல ரெண்டு வோல்ட்டு கூட இறங்காது, ரிலே 8 வோல்ட்டுலயே புடிச்சிரும். லேன் கேபிள் வாங்குறப்ப மட்டும் பிளேடால கோர சொரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா காப்பர் பூசுன அலுமினியம், சுருட்டி சுருட்டி விரிக்கிற வேலைக்கு அது தாங்காது, நாலு தடவ மடிச்சா உள்ளுக்குள்ளயே முறிஞ்சு போகும், வெளிய தெரியவும் தெரியாது.

ரிலே எல்லாம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை சரக்குதான், 30, 87, 85, 86ன்னு பின்னுல நம்பரே போட்டிருக்கும், கெட்டுப்போனா சாக்கெட்டுலேருந்து புடுங்கிட்டு எந்த ஊர் லாரி பட்டறைலயும் புதுசு வாங்கிச் சொருகிக்கலாம். பயலுக நெட்டுல பாத்து குட்டி நீல கலர் ரிலே போர்டு போடலாம்னாய்ங்க, வேண்டாம்னுட்டேன். காயிலுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம், இல்லன்னா காயில விடுறப்ப வர்ற வோல்டேஜ் உதை சுவிட்சு கான்டாக்டத் தின்னுரும். ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனியா 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். ராக்கெட் கெளம்புறப்ப நெருப்பு அடிச்சு ரெண்டு கிளிப்பும் பறந்து போயி, நெருப்பத் திருப்பி விடுற டிஃப்ளெக்டர் தகட்டுல ஒட்டிக்கும், அது நேரா ஷார்ட்டு, இந்தச் சின்ன பேட்டரி ஷார்ட்ல நூறு ஆம்பியருக்கு மேல தள்ளும். தனி ஃப்யூஸ் இருந்தா அந்தப் பேடு மட்டும் போகும், பக்கத்துல நிக்கிறது பாதிக்காது.

இப்ப பூட்டு. இதுலதான் ரொம்ப நேரம் உக்காந்தேன். ரிலேன்னு ஒன்னு போட்டுட்டா அது ஒட்டிக்கும், என்னைக்காச்சும் கான்டாக்ட் வெல்டாகி விடாம நிக்கும், ஸ்டார்ட்டர் பேனல் பாத்தவன் எவனும் இத மறக்க மாட்டான். பேடு ரிலே ஒட்டிக்கிட்டு நின்னா, கிளிப்ப மாட்டுன அடுத்த நொடியே ராக்கெட்டு கையிலயே கெளம்பும். அதனால ஆறு ரிலேக்கும் முன்னாடி ஒரு மாஸ்டர் ரிலே. டேபிள்ல இருக்க சாவியத் திருப்புனாத்தான் மாஸ்டர் புடிக்கும், மாஸ்டர் புடிச்சாத்தான் பேடு ரிலேக்குப் பவரே வரும், லாஞ்ச் பட்டனுக்குப் போற சப்ளையும் மாஸ்டருக்கு அந்தப்பக்கத்துலேருந்துதான் ரெண்டு ஆம்பியர் ஃப்யூஸ் வழியா எடுக்குறோம். அப்ப சாவிய உருவிட்டா லேன் கேபிள்ல ஒரு பொட்டு கரண்டு கெடையாது, எவன் மிதிச்சு நசுக்குனாலும் சரி, ஆடு கடிச்சாலும் சரி. சாவிக்குப் போற வயர மட்டும் தனி ரெண்டு கோர் கேபிளா போட்டேன், லேன் கேபிளோட சேத்துக் கட்டவே இல்ல, ஏன்னா ஒரே கேபிள்ல வச்சா ஒரே நசுங்கல்ல ரெண்டும் ஷார்ட்டாகி மாஸ்டரும் புடிக்கும் பேடும் புடிக்கும்.

மாஸ்டர் ரிலேயே ஒட்டிக்கிட்டா? அதுக்கு லாரி ரிவர்ஸ் ஹாரன். மாஸ்டருக்கு அந்தப்பக்கம் பவர் இருக்க வரைக்கும் பீப் பீப்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். சாவி எடுத்த பின்னாடியும் சத்தம் வந்தா யாரும் பேடு பக்கம் நகரக் கூடாது, ஒருத்தன் மட்டும் பின்பக்கமா சுத்திப் போயி பேட்டரி பிளக்கப் புடுங்கணும், அதுக்காகத்தான் பொட்டிய பேடுலேருந்து தள்ளி வச்சது. சாவி ஒன்னே ஒன்னு, டூப்ளிகேட்ட நானே கடைல வச்சுக்கிட்டேன். பேடுக்குப் போறவன் கழுத்துல சாவி தொங்கணும், வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. ஆஃப்ல இருந்தாத்தான் உருவ வர்ற மாதிரி சாவி சுவிட்சு கேட்டு வாங்குங்க, ஆன்லயும் உருவ வர்ற சுவிட்சும் கடைல கெடைக்குது, பாத்தா வித்தியாசமே தெரியாது.

கன்டினியூட்டி லைட்டப் பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். இக்னைட்டர் ஒழுங்கா மாட்டியிருக்கான்னு டேபிள்லேருந்தே தெரியணும்னு ஆறு எல்இடி கேட்டாய்ங்க, நியாயம்தான். இக்னைட்டர் வழியாவே பத்து மில்லி ஆம்பியர் விட்டு எல்இடிய எரிய வைக்கிறது, பத்திக்க ரெண்டு ஆம்பியர் வேணும், அதனால பத்து மில்லிக்கு ஒன்னும் ஆகாது. சில மருந்துத் தலை அரை ஆம்பியருக்கே பத்திக்கும், அதுக்கும் இது ரொம்பக் கம்மி. ஆனா அந்த ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர எங்க வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி. எல்லாரும் எல்இடி பக்கத்துல, அதாவது டேபிள்ல வைப்பாங்க, பாக்க அதான் வசதி. நான் பேடு பக்கத்துப் பொட்டிக்குள்ள வச்சேன். டேபிள்ல வச்சா, நடுவுல கேபிள் நசுங்கி 12 வோல்ட்டோட ஒட்டுனா முழுக் கரண்டும் ரெசிஸ்டர் பாக்காம நேரா இக்னைட்டருக்குப் போகும். பொட்டிக்குள்ள இருந்தா கேபிள்ல என்ன கலவரம் நடந்தாலும் இக்னைட்டர் பாக்குறது 12 மில்லி ஆம்பியர்தான். அதே ரெசிஸ்டர், அதே விலை, எடம் மட்டும்தான் வேற. இதுக்குன்னு ரெண்டாவது லேன் கேபிள் ஒன்னு தனியா ஓடுது.

ராக்கெட்ட நேரா புடிச்சு நிப்பாட்டுற கம்பில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை உண்டு, இத விட்டுட்டு ஆரம்பிச்சா நான் மைதானத்துக்கே வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஆறு கிளிப்புலயும் 21 வாட் பிரேக் லைட் பல்பு மாட்டணும். பிரேக் பல்பு ஏன்னா அது எரியறப்ப ஏழு ஓம், ஆனா குளிர்ந்து கெடக்கப்ப ஃபிலமென்ட் ஒரு ஓமுக்கும் கீழ, கிட்டத்தட்ட இக்னைட்டர் மாதிரியே. சாவியத் திருப்பு, ஒரு பல்பும் எரியக் கூடாது, எரிஞ்சா அந்த ரிலே ஒட்டியிருக்கு. சுவிட்சப் போடாம பட்டன அமுக்கு, அப்பவும் எரியக் கூடாது. ஒன்னாம் நம்பரப் போட்டு அமுக்கு, ஒன்னாம் பல்பு மட்டும் எரியணும். இப்படி ஆறும். வெயில்ல எரியறது தெரியணும்ல, அதுக்கும் பிரேக் லைட்டுதான் சரி.

டேபிள் பக்கத்துப் பொட்டி வந்த கதை தனி. மூணு மில்லி பிளாஸ்டிக் டப்பா போதும்னுதான் நெனச்சேன், முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனப்ப பழைய சாமான் கடைல கணக்குப்பிள்ளை மேசை ஒன்னு கண்ணுல பட்டுச்சு, தரைல உக்காந்து பேரேடு எழுதுற மேசை, மேல் பலகை சரிவா இருக்கும், திறந்தா உள்ள அறை. பர்மா தேக்கு. அந்தச் சரிவு அப்படியே கன்ட்ரோல் பேனல் சரிவு. விலை கேட்டா தலை சுத்துது, வெளியூர்க்காரங்க வாங்க வர்ற கடை. கடைசில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி வீட்ல மேல் கட்டுல கெடந்தத குடுத்தாங்க. "இதுல வெடியா வைக்கப் போறிய?"ன்னாங்க. இல்ல ஆச்சி, சுவிட்சு மட்டும்தான்னேன். "அப்ப ஓட்ட போடாம வைங்க, எங்க ஐயா ரங்கூன்லேருந்து வந்து இதுலதான் வட்டிக்கணக்கு எழுதுனாக"ன்னாங்க. ஓட்டை போடல. சரிவு மேல ஹைலம் ஷீட்டு (கரண்டு கடத்தாத பலகை) வெட்டி வச்சு, சுவிட்சு எல்லாத்தையும் அதுல மாட்டி, ஓரத்துல பழைய கீல் ஸ்க்ரூ ஓட்டைலயே புடிச்சுட்டேன், நாளைக்கே கழட்டினாலும் மேசை மேசையா இருக்கும். ஆச்சி வீட்ல அந்தக் காலத்துப் பித்தளை டம்ளர் சுவிட்சு நெறைய கெடந்துச்சு, பயலுகளுக்கு அத லாஞ்ச் சுவிட்சா போடணும்னு ஆசை, டக்குனு கேக்குற அந்தச் சத்தம் எனக்கும் புடிக்கும், ஆனா அது போட்டா போட்ட எடத்துலயே நிக்கும், லாஞ்ச் பட்டன் விட்டா திரும்பணும். மாட்டேன்னுட்டேன்.

பேடு தேர்வுக்கு ஆறு தனி டாக்கிள் சுவிட்சா, இல்ல ஒரு ரோட்டரி சுவிட்சான்னு பெரிய விவாதம். ரோட்டரில ஒரு நேரத்துல ஒரு பேடுதான், தப்பா ரெண்டு போக வழியே இல்ல, ஸ்கூல் புள்ளைங்க வர்ற அன்னைக்கு அதான் நல்லதுன்னு நான் சொன்னேன். ஆனா இவய்ங்க ரெண்டு ராக்கெட்ட ஒரே நேரத்துல விட்டு எது முந்துதுன்னு பாக்கணுமாம். மாட்டுவண்டிப் பந்தயம் பாத்து வளந்த பயலுக, பெரிய மாடு சின்ன மாடுன்னு மோட்டார் சைசுக்குப் பேரு வேற வச்சிருக்காய்ங்க. சரின்னு மூடி போட்ட ஆறு டாக்கிள் போட்டோம், மூடியத் தூக்காம சுவிட்சு போட முடியாது, மூடிய சாத்துனா சுவிட்சு தானா ஆஃப் ஆயிரும்.

மைதானம் தண்ணி வத்துன கண்மாய். காலேஜ்தான் கேட்டு அனுமதி வாங்குச்சு. பங்குனி, சித்திரைல தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், ஆள் நடமாட்டம் இல்ல, கரைல நின்னு பாக்குறவங்களுக்கு கேலரி மாதிரி. ஆனா காஞ்ச புல்லும் சீமைக் கருவேல முள்ளும், ஒரு பொறி போதும். பேட சுத்தி மம்பட்டியால சுத்தமா செதுக்கி எடுத்து, கம்பிக்குக் கீழ லேத்துப் பட்டறைல வெட்டுன இரும்புத் தகடு, பக்கத்துல தண்ணி ட்ரம்மும் ஈரச் சாக்கும். ஒருத்தன் ஆத்தங்குடி கல்ல டிஃப்ளெக்டரா வைக்கலாம்னான், அழகாத்தான் இருக்கும், சூட்டுக்குச் சிமென்டுக் கல்லு தெறிச்சா யாரு கண்ணுல படும்? காத்து மணிக்கு 20 மைலுக்கு மேல அடிச்சா விடக் கூடாதுன்னு விதி, ஆடில நம்ம பக்கம் கடைய மூடிட வேண்டியதுதான். கிளிப்பு ஒவ்வொரு தடவையும் கருகிப் போகும், எமரி பேப்பர் வச்சுத் தேய்க்கலன்னா எல்இடி எரியும், ராக்கெட்டு கெளம்பாது, பத்து மில்லிக்கு அந்தக் கரி பெருசில்ல, பத்து ஆம்பியருக்குப் பெருசு. எல்இடி எரியுதேன்னு பயலுக இக்னைட்டரத்தான் திட்டுவாய்ங்க.

பேட்டரிக்கு நம்ம ஊர்ல ஆலோசனைக்குப் பஞ்சமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்த சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இங்கதான இருக்கு, 1953லேருந்து மின்வேதியியல்தான் அங்க வேலை. எங்க தெருவுல அங்கேருந்து ரிட்டயர் ஆன சார் ஒருத்தர், தினம் பேப்பர் படிக்க கடைக்கு வருவாரு. லித்தியம் போடலாமா சார்னு கேட்டேன். வெயில்ல இரும்புப் பொட்டிக்குள்ள லித்தியம் வேண்டாம், இந்த வேலைக்கு லெட் ஆசிட்டே போதும்னாரு, ஆனா அரை சார்ஜுல போட்டு வைக்காதீங்க, தகட்டுல சல்ஃபேட் கட்டியாயிரும், வீட்டுக்கு வந்தன்னைக்கே சார்ஜ் போட்டுருங்கன்னாரு. பொட்டிக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்னதும் அவருதான், சூடு பத்து டிகிரி ஏறுனா பேட்டரி ஆயுசு பாதியாம். அடிச்சாச்சு.

இப்ப பயலுக வயர் இல்லாம ரேடியோல பண்ணலாம்ணே, கேபிள் சுத்தி கை வலிக்குதுங்கிறாய்ங்க. பண்ணலாம், முடியாதுன்னு இல்ல. ஆனா வயர்ல சாவிய உருவுனா கரண்டு இல்லன்னு நான் மீட்டர் வச்சுக் காட்டுவேன், ரேடியோல புரோகிராம் சரியாத்தான் இருக்குன்னு எவன் எனக்கு மீட்டர் வச்சுக் காட்டுவான்? மாஸ்டர் ரிலேயும் சாவியும் வயர்லயே இருக்கட்டும், பேடு தேர்வு மட்டும் வேணா ரேடியோல பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன், வரைஞ்சு எடுத்துட்டு வர்றோம்னு போயிருக்காய்ங்க. அதுக்குள்ள எனக்கு வேற வேலை இருக்கு, லேன் சாக்கெட்டுக்குள்ள செம்மண் தூசி போயி மூணாம் பேடு எல்இடி மினுக்குது, அந்த ஆர்ஜே45 எல்லாத்தையும் புடுங்கிட்டு திருகுற மாதிரி வட்ட கனெக்டரு போடணும், மதுரைக்கு ஆர்டர் சொல்லியிருக்கேன். கேபிள் சுத்துறதுக்கு நூல் சுத்துற ராட்டை மாதிரி ஒன்னு பட்டறைல அடிக்கக் குடுத்திருக்கு.